செல்பேசிச் சேவைக்குள் செயற்கை நுண்ணறிவு: எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது?

செல்பேசி விளம்பரங்களில் இன்று கேமராவுக்கும் பேட்டரிக்கும் நெட்வொர்க்குக்கும் ஒரே அடைமொழிதான் கொடுக்கப்படுகிறது: செயற்கை நுண்ணறிவு. இதைத் தொடர்ந்து கேட்டுவருபவர்களிடம் இரண்டு எண்ணங்கள் வேரூன்றியிருப்பதைப் பார்க்கிறேன். எங்கோ ஒரு பெரிய மூளை உட்கார்ந்துகொண்டு எல்லோருடைய அழைப்புகளையும் ஒட்டுக்கேட்கிறது என்று ஒரு சாரார் அஞ்சுகிறார்கள். இது வெறும் விற்பனைப் பேச்சு, அன்றாடம் பேசுவதிலும் இணையம் பார்ப்பதிலும் இதனால் எதுவும் மாறவில்லை என்று இன்னொரு சாரார் ஒதுக்கிவிடுகிறார்கள். இரண்டும் பிழையான எண்ணங்கள். செல்பேசிச் சேவைக்குள் இருப்பது, ஒவ்வொரு இடத்திலும் ஒரே ஒரு சிறு கேள்விக்கு விடையை ஊகிக்கப் பழகிய பல தனித்தனிக் கருவிகள். கோபுரத்தில் ஒன்று, குரலைக் கடத்தும் வழியில் ஒன்று, அழைப்பு மணி அடிப்பதற்கு முன் ஒன்று, வாடிக்கையாளர் சேவையில் ஒன்று எனப் பிரிந்து கிடக்கும் அவற்றைத் தனித்தனியே பார்த்தால்தான், எதை நம்பலாம், எதைச் சரிபார்க்க வேண்டும் என்பது விளங்கும்.

விதியும் பழக்கமும்

ஒரே வழித்தடத்தில் பல ஆண்டுகள் பேருந்து ஓட்டிய ஒருவரையும், இன்றுதான் அந்தத் தடத்துக்கு வந்த ஒருவரையும் நினைத்துப் பாருங்கள். புதியவருக்குச் சாலையோரப் பலகைகள்தான் வழிகாட்டி. பழையவரோ, எந்தத் திருப்பத்தில் எந்த நேரத்தில் கூட்டம் குறுக்கே வரும் என்று அறிந்து, பலகை எதுவும் இல்லாத இடத்திலும் முன்கூட்டியே வேகத்தைக் குறைக்கிறார். இதை அவருக்கு யாரும் எழுதித் தரவில்லை. திரும்பத் திரும்பப் போய்வந்ததில் கைக்கு வந்த பழக்கம் அது.

வழக்கமான கணினி நிரல் பலகையை நம்பும் புதியவரைப் போன்றது. மனிதர் எழுதிவைத்த விதியை அது அப்படியே பின்பற்றும். இன்று செயற்கை நுண்ணறிவு என்று பொதுவாகச் சொல்லப்படுவது, பெரும்பாலும், எடுத்துக்காட்டுகளிலிருந்து கணினி தானே ஒரு பழக்கத்தை உருவாக்கிக்கொள்ளும் முறையாகும். அதற்கு இயந்திரக் கற்றல் என்று பெயர்.

அது எப்படி நடக்கிறது? ஓர் எண்ணிலிருந்து வரும் அழைப்புகள் மோசடியானவையா என்று கண்டறிய வேண்டும் என்று கொள்வோம். அந்த எண் ஒரு மணி நேரத்தில் எத்தனை பேரை அழைக்கிறது, ஒவ்வொரு அழைப்பும் எவ்வளவு நேரம் நீடிக்கிறது, எடுத்தவுடன் துண்டிப்பவர்கள் எத்தனை பேர், அந்த எண் பயன்பாட்டுக்கு வந்து எத்தனை நாளாகிறது என்ற விவரங்கள் எண்களாகக் கிடைக்கும். கணினி ஒவ்வொன்றுக்கும் ஒரு முக்கியத்துவ அளவை, அதாவது ஓர் எடையை, முதலில் மனம்போன போக்கில் வைத்துக்கொண்டு ஒரு விடையைச் சொல்லும். அந்த விடை பெரும்பாலும் தவறாகவே இருக்கும். சரியான விடை ஏற்கெனவே தெரிந்திருப்பதால், எவ்வளவு தவறு என்பதைக் கணக்கிட்டு, எடைகளைச் சிறிதளவு மாற்றி, மீண்டும் ஊகிக்கும். லட்சக்கணக்கான எடுத்துக்காட்டுகளுடன் இப்படிச் செய்துகொண்டே போனால் எடைகள் ஓர் ஒழுங்குக்கு வந்துவிடும். இந்தத் திருத்தும் வேலைக்குப் பயிற்சி என்றும், பயிற்சியின் முடிவில் நிலைபெற்ற எடைகளின் தொகுப்புக்கு மாதிரி என்றும் பெயர்.

மாதிரி தரும் விடை ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று வருவதில்லை. 0 முதல் 1 வரையிலான ஓர் எண்ணாக வருகிறது. 0.93 என்று வந்தால், பழகிய எடுத்துக்காட்டுகளோடு ஒப்பிடும்போது இது மோசடியாக இருக்க வாய்ப்பு மிகுதி என்று பொருள். எந்த எண்ணுக்கு மேல் போனால் எச்சரிக்க வேண்டும் என்ற எல்லையை மனிதர்கள்தான் வகுக்கிறார்கள். இந்த எல்லையைப் பற்றி விளம்பரங்கள் பேசுவதே இல்லை. ஆனால் பயன்படுத்துவோருக்கு வரும் நன்மையும் தொல்லையும் பெரும்பாலும் இங்கேதான் தீர்மானமாகின்றன.

இதுவரை பார்த்தது: விதியை மனிதர் எழுதுகிறார், மாதிரி எடுத்துக்காட்டுகளிலிருந்து பழகுகிறது. அது தரும் விடை ஓர் ஊகம். அந்த ஊகத்தின் மீது செயல்படலாமா என்ற எல்லை வேறொருவர் எடுக்கும் முடிவு.

நகரும்போது அறுபடாத அழைப்பு

வாகனத்தில் போய்க்கொண்டே பேசும்போது, போன் ஒரு கோபுரத்தின் எல்லையை விட்டு அடுத்த கோபுரத்தின் எல்லைக்குள் நுழைகிறது. இந்த மாற்றத்துக்கு ஹேண்ட்ஓவர் என்று பெயர். பேசுபவருக்குத் தெரியாமல் இது நடந்துவிட வேண்டும்.

வழக்கமான விதி எளிமையானது. போன், தான் இணைந்திருக்கும் கோபுரத்தின் சிக்னலையும் பக்கத்துக் கோபுரங்களின் சிக்னலையும் இடைவிடாமல் அளந்துகொண்டிருக்கும். பக்கத்துக் கோபுரத்தின் சிக்னல் குறிப்பிட்ட அளவுக்கு, எடுத்துக்காட்டாக 3 டெசிபல், அதாவது ஏறத்தாழ இரு மடங்கு வலிமையோடு, குறிப்பிட்ட நேரம் நீடித்தால், போன் அதைக் கோபுரத்துக்குத் தெரிவிக்கும். மாறிக்கொள்ளும்படி கட்டளை வரும். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்தக் கட்டளை பழைய கோபுரத்தின் வழியாகத்தான் வந்துசேர வேண்டும். ஒரு பெரிய கட்டடத்தின் மூலையில் திரும்பும் வாகனத்தில், பழைய கோபுரத்தின் சிக்னல் ஒரு நொடிக்குள் படுத்துவிடும், கட்டளை புறப்பட்டாலும் போனுக்கு வந்து சேராது, அழைப்பு அறுந்துவிடும். இதைத் தவிர்க்க வேண்டும் என்று, சிறிது வலுவாகத் தெரிந்தவுடனேயே மாறும்படி விதியைத் தளர்த்தினால், போன் இரண்டு கோபுரங்களுக்கும் இடையே பந்துபோல் மாறி மாறிப் போய்வரத் தொடங்கும். பேட்டரியும் வீணாகும், பேச்சும் தடைப்படும்.

ஒரே மூலையில் நாள்தோறும் ஆயிரக்கணக்கான போன்கள் திரும்புகின்றன. எந்த வரிசையில் சிக்னல்கள் குறைந்தால் அடுத்து என்ன நடக்கும் என்பதற்கான எடுத்துக்காட்டுகள் அவற்றின் அளவீடுகளிலேயே இருக்கின்றன. அவற்றைக் கொண்டு பழகிய மாதிரி, சிக்னல் படுத்துவிடுவதற்கு முன்பே, இந்தப் போன் இன்னும் சிறிது நேரத்தில் இணைப்பை இழக்கும் என்று ஊகித்து, கட்டளையை முன்னதாகவே அனுப்பச் செய்ய முடியும். பழைய ஓட்டுநர் திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைப்பதும் இதே வகையான செயல்தான்.

5ஜி கோபுரங்களில் இன்னொரு ஊகமும் தேவைப்படுகிறது. அவை எல்லாத் திசைகளிலும் அலையைப் பரப்பாமல், டார்ச் ஒளிபோலக் குறுகிய கற்றைகளாகக் குவித்து அனுப்ப வல்லவை. மிக உயர்ந்த அதிர்வெண்களில் ஒரு கோபுரம் 64 கற்றைகள் வரை மாற்றி மாற்றி அனுப்பி, போனுக்கு எது பொருந்துகிறது என்று தேட முடியும். எல்லாவற்றையும் அளந்து பார்ப்பதற்கு நேரம் பிடிக்கும். சிலவற்றை மட்டும் அளந்து, மீதியில் எது சிறந்ததாக இருக்கும் என்று ஊகிக்க ஒரு மாதிரியைப் பழக்கலாம். செல்பேசித் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு, 2024இல் நிறைவுசெய்த தன் 18ஆவது வெளியீட்டுக்கான பணிகளில் இந்தக் கற்றைத் தேர்வையும், கோபுரத்துக்கும் போனுக்கும் இடையே அலை செல்லும் வழியின் நிலையைப் போன் சுருக்கித் தெரிவிப்பதையும், போன் இருக்கும் இடத்தைக் கணிப்பதையும் எடுத்துக்கொண்டு ஆராய்ந்தது. நெட்வொர்க் தன்னைத் தானே ஒழுங்குபடுத்திக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் 4ஜி தரநிலை உருவான காலத்திலேயே இருந்தது. அன்று அதற்குப் பெரிதும் துணைநின்றவை மனிதர் எழுதிய விதிகள்.

உறங்கும் அலைவரிசைகள்

செல்பேசி நெட்வொர்க் செலவழிக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி, கோபுரங்களில் ரேடியோ அலைகளை அனுப்பிப் பெறும் கருவிகளுக்கே போகிறது. நள்ளிரவில் யாரும் பயன்படுத்தாதபோதும் அவை விழித்துக்கொண்டே இருந்தால் அது ஆளில்லாத அறையில் எரியும் விளக்கைப் போன்றது. ஆகவே, ஒரு கோபுரம் பயன்படுத்தும் பல அலைவரிசைகளில் சிலவற்றை, கூட்டம் குறையும் நேரத்தில் உறங்கவைக்கிறார்கள். எப்போது குறையும் என்பதைப் பழைய பயன்பாட்டிலிருந்து மாதிரி ஊகிக்கிறது. ஊகம் தவறி, எதிர்பாராத நேரத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டால், உறங்கும் அலைவரிசை விழித்தெழும்வரை அங்கிருப்பவர்களுக்கு இணையம் மந்தமாகும். அதனால், குறைந்தபட்ச சேவையைத் தரும் ஓர் அலைவரிசையை எப்போதும் விழித்திருக்கச் செய்வது வழக்கம்.

குரலில் விழும் ஓட்டைகள்

இந்தத் துறையில் எனக்கு மிகவும் வியப்பூட்டுவது குரல் அழைப்புக்குள் நடப்பதுதான். நாம் பேசும்போது குரல் முழுதாகப் பயணிப்பதில்லை. அது பொதுவாக 20 மில்லிநொடி நீளமுள்ள துண்டுகளாக வெட்டப்பட்டு, நொடிக்கு 50 துண்டுகள் வீதம், ஒவ்வொன்றும் எண்களாகச் சுருக்கப்பட்டு அனுப்பப்படுகிறது. ‘வணக்கம்’ என்று இயல்பாகச் சொல்லி முடிக்கும் அரை நொடிக்குள் ஏறத்தாழ 25 துண்டுகள் புறப்பட்டுவிடும். வழியில் இரண்டு துண்டுகள் தொலைந்துபோனால் என்ன செய்வது? திரும்பக் கேட்டு வாங்க நேரமில்லை. அது வருவதற்குள் அடுத்த சொல் வந்துவிடும்.

பழைய முறையில், கடைசியாக வந்த துண்டையே திரும்பவும் ஒலித்து, மெல்ல ஓசையைக் குறைத்துவிடுவார்கள். சிக்னல் மோசமாக உள்ள இடத்தில் எதிர்முனைக் குரல் இயந்திரம் பேசுவதுபோல் இழுத்துக் கேட்பதற்கு இதுவே காரணம். ஆனால் சத்தமான இடத்தில் நண்பர் பேசும்போது ஓர் அசை காதில் விழாவிட்டாலும், முன்பின் ஒலிகளைக் கொண்டு மனம் அதை நிரப்பிக்கொள்கிறதே, அதையே கணினியையும் செய்யவைக்க முடியும். 2020இல் கூகுள் தன் டுவோ அழைப்புச் செயலியில் இதைக் கொண்டுவந்தது. 48 மொழிகளில், நூற்றுக்கும் மேற்பட்டோரின் பேச்சைக் கேட்டுப் பழகிய மாதிரி, தொலைந்த துண்டில் ஒலி எப்படித் தொடர்ந்திருக்கும் என்று ஊகித்து அந்த இடத்தை நிரப்பியது. அது போட்டுக்கொண்ட வரம்பைக் கவனிக்க வேண்டும்: 120 மில்லிநொடி வரைதான் நிரப்பும், அதற்கு மேல் போனால் குரலைத் தணித்து மௌனமாகிவிடும். ஓர் அசையின் எச்சத்தை ஊகிப்பது உதவி. ஒரு முழுச் சொல்லை ஊகிப்பது, பேசியவர் சொல்லாததை அவர் வாயில் திணிப்பதாகும். ஊகத்தை எங்கே நிறுத்த வேண்டும் என்று அறிந்து கட்டப்பட்ட கருவிக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் அறியேன்.

பின்னணிச் சத்தத்தை நீக்கும் வசதியும் இதே குடும்பம்தான். ஒலியைப் பல அதிர்வெண்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு பேச்சு, எவ்வளவு இரைச்சல் என்று ஊகித்து, இரைச்சலை அடக்குகிறது. மனிதக் குரலைப் பேச்சாக எண்ணப் பழகிய மாதிரிக்கு இசை இரைச்சலாகத் தோன்றலாம். தொலைவிலிருப்பவருக்கு வாத்திய இசையைக் கேட்கவைக்க முயன்று, அவர் காதில் ஒன்றுமே விழவில்லை என்று குழம்பியவர்கள், அந்த வசதியை அணைத்துவிட்டுப் பார்க்கலாம்.

சுருக்கமாகச் சொன்னால், கோபுர மாற்றத்திலும் குரல் நிரப்புவதிலும் ஊகம் தவறினால் இழப்பு ஒரு கணத்தோடு போய்விடும். அடுத்து வருவது அப்படிப்பட்டதல்ல.

‘ஸ்பாமாக இருக்கலாம்’

ஸ்பாம் எனப்படும் வேண்டாத அழைப்புகளைக் கண்டறியும் மாதிரிகள் செல்பேசி நிறுவனத்தின் பக்கத்தில் இயங்கும்போது, பெரும்பாலும் பேச்சின் உள்ளடக்கத்தைப் பார்ப்பதில்லை. மேலே சொன்னதுபோல், எத்தனை பேரை, எவ்வளவு விரைவாக, எவ்வளவு நேரம் என்ற போக்குவரத்து விவரங்களைத்தான் பார்க்கின்றன. ஒட்டுக்கேட்கிறார்கள் என்று அஞ்சுபவர்கள் முதலில் அறிந்துகொள்ள வேண்டியது இது.

இரண்டாவதாக அறிய வேண்டியது ஒரு கணக்கு. 10,000 அழைப்புகளில் 500 மோசடியானவை என்று கொள்வோம். மாதிரி இரு பக்கமும் 98 விழுக்காடு சரியாகச் சொல்லும் என்றும் கொள்வோம். மோசடி அழைப்புகளில் 490ஐ அது பிடித்துவிடும், 10 தப்பிவிடும். மீதியுள்ள 9,500 நல்ல அழைப்புகளில் 2 விழுக்காடு, அதாவது 190, தவறாக முத்திரை குத்தப்படும். ஆக, எச்சரிக்கை பெற்ற 680 அழைப்புகளில் 190 குற்றமற்றவை. நான்கில் ஒரு பங்குக்கும் மேல்! 98 விழுக்காடு துல்லியம் என்று கேட்கும்போது நம் மனம் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. நல்ல அழைப்புகளின் எண்ணிக்கை மிகப் பெரியது என்பதால், சிறு பிழையும் அங்கே பெரிய எண்ணாகிவிடுகிறது.

என் வீட்டில் ஒருவருடைய பரிசோதனை முடிவைத் தெரிவிக்க மருத்துவமனையிலிருந்து வந்த அழைப்பு, திரையில் ‘ஸ்பாமாக இருக்கலாம்’ என்று காட்டியதால் எடுக்கப்படாமல் போனது. மறுநாள் நாங்களே நேரில் சென்றபோதுதான் விவரம் தெரிந்தது. யோசித்துப் பார்த்தால் காரணம் புரிகிறது. நோயாளிகளை அழைக்கும் பிரிவு, ஒரே எண்ணிலிருந்து, இதற்கு முன் பேசியிராத பலரை, அடுத்தடுத்து, சுருக்கமாக அழைக்கிறது. மோசடிக்காரரின் போக்கும் எண்களாகப் பார்க்கும்போது இதே உருவத்தில்தான் இருக்கும். எச்சரிக்கையைப் பார்த்தவுடன் எண்ணை நிரந்தரமாகத் தடுத்துவிடாமல், தவறிய அழைப்பாக விட்டு, உரிய அலுவலகத்தின் தெரிந்த எண்ணுக்கு நாமே அழைத்துக் கேட்பது நல்லது என்று அன்று முதல் கடைப்பிடிக்கிறோம்.

போனுக்குள்ளேயே இயங்கும் காவலர்களும் வந்துவிட்டார்கள். கூகுள் தன் பிக்சல் போன்களில் 2018இல், அழைத்தவரிடம் கணினிக் குரலே காரணம் கேட்டு எழுத்தில் காட்டும் வசதியைத் தந்தது. ஆப்பிளும் 2025இல் வெளியிட்ட ஐஓஎஸ் 26இல் இதுபோன்ற ஒன்றைச் சேர்த்தது.

மோசடிக்காரர்களின் கையிலும் இதே கருவிகள் இருக்கின்றன என்பதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. 3 நொடிக் குரல் பதிவைக் கொண்டு ஒருவரைப்போலப் பேசவைக்க முடியும் என்று மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2023இல் காட்டினார்கள். 2024 பிப்ரவரியில் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம், செயற்கைக் குரலில் வரும் தானியங்கி அழைப்புகளும் அங்கு ஏற்கெனவே உள்ள தானியங்கி அழைப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் வரும் என்று அறிவித்தது. உறவினர் குரலில் அவசரமாகப் பணம் கேட்டு அழைப்பு வந்தால், குரலை ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம். துண்டித்துவிட்டு, நம்மிடம் ஏற்கெனவே உள்ள அவருடைய எண்ணுக்கு அழைக்க வேண்டும். குரலைப் போலி செய்ய முடிந்தவராலும், நாமே அழைக்கும் அந்த அழைப்பை எடுத்துப் பேசுவது எளிதல்ல.

பதில் சொல்லும் சாட்பாட்

வாடிக்கையாளர் சேவையில் முன்பு ‘1ஐ அழுத்துங்கள், 2ஐ அழுத்துங்கள்’ என்று சொன்ன இடத்தில் இன்று சரளமாக உரையாடும் சாட்பாட் நிற்கிறது. அதன் உள்ளே இருப்பது பெரிய மொழி மாதிரி: ஏராளமான எழுத்துகளைப் படித்து, இதுவரை வந்த சொற்களுக்கு அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று ஊகிக்கப் பழகியது. அது ஒவ்வொரு சொல்லாக ஊகித்து வாக்கியத்தைக் கட்டுகிறது. உங்கள் கணக்கில் எவ்வளவு இருப்பு உள்ளது என்பது அதற்கு இயல்பாகத் தெரியாது. நிறுவனத்தின் பதிவேட்டிலிருந்து அந்த விவரத்தை எடுத்து அதன் முன் வைத்தால்தான் சரியாகச் சொல்லும். வைக்காவிட்டாலும் அது வாய்மூடி நிற்பதில்லை. பொருத்தமாகத் தோன்றும் ஏதோ ஒன்றை, அதே தன்னம்பிக்கையான நடையில் எழுதிவிடும்.

இதன் விளைவு நீதி மன்றங்களின் வாசல்வரை போயிருக்கிறது. ஏர் கனடா விமான நிறுவனத்தின் சாட்பாட், கட்டணச் சலுகையைப் பயணத்துக்குப் பிறகும் கோரலாம் என்று ஒரு பயணியிடம் தவறாகச் சொன்னது. 2024இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயம், தன் இணையதளத்தில் சொல்லப்படும் எல்லாவற்றுக்கும் நிறுவனமே பொறுப்பு என்று கூறி, இழப்பீடு வழங்கச் செய்தது. துறை வேறாக இருந்தாலும் செல்பேசிச் சேவைக்கும் இது பொருந்தும் பாடம். திட்டத்தை மாற்றுவது, பணத்தைத் திரும்பப் பெறுவது, எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றுவது போன்றவற்றில் சாட்பாட் தந்த பதிலை ஸ்கிரீன்ஷாட்டாக எடுத்து வைத்துக்கொண்டு, எழுதப்பட்ட விதிமுறையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம்.

போனிலா, தொலைவிலா?

கடைசியாக, அந்தரங்கம் பற்றிய கேள்வி. ஒரு மாதிரி எங்கே இயங்குகிறது என்பதே இதில் முதன்மையானது. பெரிய மாதிரிகள் தொலைவிலுள்ள தரவு மையங்களில் இயங்குகின்றன. அவற்றைப் பயன்படுத்தும்போது நம் குரலோ எழுத்தோ அங்கே போய்த் திரும்புகிறது. சிறிய மாதிரிகளைப் போனிலேயே இயக்க, இத்தகைய கணக்குகளை விரைவாகப் போடுவதற்கென்றே தனிப் பகுதி இன்றைய போன்களின் சிப்புகளில் இருக்கிறது. 2024 ஜனவரியில் வெளியான சாம்சங் கேலக்ஸி எஸ்24 வரிசையில், அழைப்பின்போதே இரு மொழிகளுக்கிடையே பேச்சை மொழிபெயர்க்கும் வேலை போனுக்குள்ளேயே நடந்தது.

இரண்டுக்கும் இடைப்பட்ட வழியும் உண்டு. கூகுள் தன் விசைப்பலகைச் செயலியில் 2017 முதல் முயன்றுவரும் கூட்டுக் கற்றல் முறையில், நாம் தட்டச்சு செய்தவை போனைவிட்டு வெளியே போவதில்லை. போன் தன்னளவில் பயிற்சி செய்து, எடைகளில் ஏற்பட்ட மாற்றத்தை மட்டும் அனுப்புகிறது. பல போன்களிலிருந்து வரும் மாற்றங்களைச் சேர்த்துப் பொது மாதிரி மேம்படுத்தப்படுகிறது.

ஒரு வசதி எந்த வகையைச் சேர்ந்தது என்று விளம்பரத்தைப் படித்து அறிவது கடினம். வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. போனை விமானப் பயன்முறையில் வைத்து, வைஃபையும் அணைந்திருப்பதை உறுதிசெய்துகொண்டு, அந்த வசதியை இயக்குங்கள். குரலை எழுத்தாக்குவதோ மொழிபெயர்ப்பதோ அப்போதும் நடந்தால், அந்த வேலையைச் செய்யும் மாதிரி உங்கள் கையில் இருக்கிறது. இணைப்பு இல்லை என்று மறுத்துவிட்டால், அதைப் பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் உங்கள் சொற்கள் வேறோர் இடத்துக்குப் போகின்றன என்று வைத்துக்கொண்டு, அமைப்புகள் பகுதியில் அவை எத்தனை நாள் சேமிக்கப்படுகின்றன என்ற வரியைத் தேடிப் படியுங்கள்.